ஒரே சட்டம், இரண்டு அபராதம்: குமரி-கேரள எல்லையில் சீட் பெல்ட் படும் பாடு

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் நோக்கிச் செல்லும் கார் களியக்காவிளையைத் தாண்டும் வரை, சீட் பெல்ட் அணியாத குற்றத்துக்கு இணக்கக் கட்டணம் ரூ.1,000. எல்லையைக் கடந்து பாறசாலைக்குள் சக்கரம் உருண்டதும் அதே குற்றத்துக்கு ரூ.500. காரும் மாறவில்லை, ஓட்டுநரும் மாறவில்லை. இருபுறமும் நடைமுறையில் உள்ளது நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரே சட்டம்தான்.

இந்த வேறுபாடு எப்படி வந்தது என்பதற்கு தில்லியில் இருந்துதான் விடை தேட வேண்டும். மோட்டார் வாகனங்கள் என்பது அரசமைப்புச் சட்டத்தின் பொதுப் பட்டியலில் 35ஆவது இனம். மோட்டார் வாகனத் திருத்த மசோதா 2016 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகம் செய்யப்பட்டு, 2017 ஏப்ரலில் அங்கு நிறைவேறி, மாநிலங்களவையில் முடங்கிக் காலாவதியானது. மாநில உரிமைகள் பறிபோகும் என்பது அப்போது எழுந்த முக்கிய எதிர்ப்பு. 2019 ஜூலையில் மசோதா மீண்டும் கொண்டுவரப்பட்டது. ஜூலை 31-ஆம் தேதி மாநிலங்களவையில் ஆதரவாக 108 வாக்குகளும் எதிராக 13 வாக்குகளும் பதிவாகி நிறைவேறியது. அபராதப் பிரிவுகள் செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்தன.

அந்தச் சட்டத்தின் 194பி பிரிவு, சீட் பெல்ட் அணியாமல் ஓட்டுவதற்கு ரூ.1,000 அபராதம் விதிக்கிறது. ஆனால், நீதிமன்றம் செல்லாமல் அந்த இடத்திலேயே செலுத்தி முடித்துக் கொள்ளும் இணக்கக் கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் 200ஆவது பிரிவின்படி மாநில அரசுகளிடம் உள்ளது. இதைப் பயன்படுத்தி கேரள அரசு 2019 அக்டோபரில் தொகையைப் பாதியாகக் குறைத்தது. தமிழக அரசு 2022 அக்டோபரில் வெளியிட்ட புதிய பட்டியலில் ரூ.1,000-ஐ அப்படியே வைத்துக் கொண்டது. சட்டம் குறிப்பிடும் தொகைக்குக் கீழே மாநிலங்கள் இறங்க முடியாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020 ஜனவரியில் மாநிலங்களுக்கு எழுதியது. எழுதியதோடு சரி.

நெய்யாற்றின்கரை வட்டத்து எல்லைக் கிராமங்களில் வாழும் தமிழருக்கு இத்தகைய இரட்டை ஏற்பாடு புதிதல்ல. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கிவிட்டது. பெண் கொடுத்ததும் எடுத்ததும் எல்லைக்கு இருபுறமும். சந்தையும் கோயிலும் மாதா கோயிலும் அப்படியே. எனவே கேஎல்-19 (பாறசாலை), கேஎல்-20 (நெய்யாற்றின்கரை) எண் பலகை தாங்கிய கார்கள் மார்த்தாண்டத்திலும், டிஎன்-74, டிஎன்-75 கார்கள் அமரவிளையிலும் நிற்பது அன்றாடக் காட்சி. கல்யாண வீட்டுக்குச் செல்லும் காரில் ஐந்து பேர் இடத்தில் ஏழு பேர் ஏறுவதும் அன்றாடக் காட்சியே.

கேமராவின் கண்ணுக்கு எட்டாத இருக்கை: கேரள அரசு "பாதுகாப்பான கேரளம்" திட்டத்தின்கீழ் மாநிலம் முழுவதும் 726 கேமராக்களைப் பொருத்தி, 2023 ஜூன் 5 முதல் அபராதம் வசூலிக்கத் தொடங்கியது. ஒப்பந்தத்தில் முறைகேடு என்று எதிர்க்கட்சிகள் கிளப்பிய புயல் தனிக்கதை. அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. கேமரா வந்தபின் முன் இருக்கையில் பெல்ட் போடும் பழக்கம் கூடியதை மறுப்பதற்கில்லை. ஆனால், கேமரா பார்ப்பது முன் கண்ணாடி வழியாக. பின் இருக்கை அதன் பார்வையில் எளிதில் விழாது. அபராதத்துக்கு அஞ்சிப் போடப்படும் பெல்ட், அபராதம் எட்டாத இடத்தில் போடப்படுவதில்லை.

உண்மையில் பின் இருக்கையில் முன்னோக்கி அமர்ந்திருப்பவரும் பெல்ட் அணிய வேண்டும் என்பது புதிய விதி அல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 138ஆவது விதியில் அது நெடுங்காலமாக இருக்கிறது. அந்த விதியை நாடு திரும்பிப் பார்க்க இரண்டு பெரிய மரணங்கள் தேவைப்பட்டன.

முதலாவது தில்லியில் நேர்ந்தது. 2014 மே 26-இல் மத்திய ஊரக வளர்ச்சித் துறை அமைச்சராகப் பதவியேற்ற கோபிநாத் முண்டே, எட்டே நாளில், ஜூன் 3-ஆம் தேதி காலை விமான நிலையம் செல்லும் வழியில் பிருத்விராஜ் சாலைச் சந்திப்பில் விபத்துக்குள்ளாகி உயிரிழந்தார். அவர் பின் இருக்கையில் அமர்ந்திருந்தார். பின் இருக்கை பெல்ட் வெறும் அலங்காரம் என்ற தவறான எண்ணத்துக்கு நண்பரைப் பறிகொடுத்துவிட்டோம் என்ற பொருள்பட, அப்போதைய சுகாதார அமைச்சர் ஹர்ஷ்வர்தன் வருந்தினார். இரண்டாவது, 2022 செப்டம்பர் 4-இல் மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில். டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி சென்ற விலையுயர்ந்த கார் பாலச் சுவரில் மோதியது. முன் இருக்கைகளில் இருந்த இருவரும் பலத்த காயங்களுடன் உயிர் தப்பினர். பெல்ட் அணியாமல் பின்னால் இருந்த மிஸ்திரியும் உடன் இருந்தவரும் மாண்டனர்.

இதற்குப் பின்னும் நாடாளுமன்ற வளாக வாயிலில் வந்து நிற்கும் கார்களில், பின் இருக்கையில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கும் உறுப்பினரைக் காண்பது அரிது. பாறசாலை ஓட்டுநரை மட்டும் குறை கூறுவது நியாயம் ஆகாது.

பனை மரமும் ஐம்பது கிலோமீட்டரும்: மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் சுவரில் மோதி நின்றால், உள்ளிருப்பவர் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்தில் இருந்து தரையில் விழுவதற்குச் சமம். எல்லைப் பகுதி மக்களுக்கு இதை விளக்கப் பாடப் புத்தகம் வேண்டாம். பனையேறும் தொழில் கண்ட மண் அது. தளைநார் மாட்டாமல் பனையில் கால் வைக்காத தொழிலாளியின் பேரன், அதே உயரத்துக்குச் சமமான வேகத்தில் பெல்ட் மாட்டாமல் போகிறார். கார் நின்றாலும் உடல் நிற்பதில்லை என்பதுதான் இதிலுள்ள கணக்கு. 70 கிலோ எடையுள்ள ஒருவரை அந்த வேகத்தில் இருந்து ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிறுத்த, ஏறக்குறைய ஒரு டன் எடைக்கு ஈடான விசை தேவை. பின்னால் இருப்பவர் பெல்ட் அணியவில்லை என்றால், அந்த விசையைத் தாங்க வேண்டியது முன் இருக்கையும் அதில் பெல்ட் அணிந்து அமர்ந்திருப்பவரின் முதுகும்தான்.

இடுப்பையும் தோளையும் ஒருசேரப் பிடிக்கும் மும்முனை பெல்ட்டை ஸ்வீடனின் வோல்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் 1959-இல் வடிவமைத்தார். காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்த வோல்வோ திறந்துவிட்டது. உடலில் எலும்பு வலுவாக உள்ள இடங்களில் விசையைப் பகிர்ந்து இறக்குவதே இதன் நுட்பம். ஆகவே கீழ்ப்பட்டை வயிற்றின்மீது அல்ல, இடுப்பெலும்பின்மீது தாழ்வாக இருக்க வேண்டும். மேல்பட்டை கழுத்தை உரசாமல் தோள்பட்டையின் நடுவே வந்து நெஞ்சைக் கடக்க வேண்டும். கர்ப்பிணிகள் கீழ்ப்பட்டையை வயிற்றுக்குக் கீழே செலுத்த வேண்டும். பட்டை முறுக்கிக் கிடந்தால் கத்திபோல் வெட்டும். ஒரு பெல்ட்டை இருவருக்குச் சேர்த்துப் போடுவதும், மேல்பட்டையை அக்குளுக்குக் கீழே விடுவதும் அபராதத்தில் இருந்து தப்பிக்க உதவலாம், விபத்தில் விலா எலும்பையும் கல்லீரலையும் காப்பாற்றாது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டில் அந்த ஆண்டு சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் சீட் பெல்ட் அணியாதவர்கள் 16,715 பேர். ஓட்டுநர்கள் 8,384, பயணிகள் 8,331 என்று ஏறத்தாழ சரிபாதி. விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்குடன் தமிழகம் முதலிடத்திலும், 43,910 என்ற கணக்குடன் கேரளம் மூன்றாம் இடத்திலும் இருந்தன. இந்த இரு மாநிலங்களும் கைகுலுக்கும் இடம்தான் களியக்காவிளை என்பதை வாசகர் நினைவில் கொள்ளலாம்.

13 ஆயிரம் விளம்பரங்கள்: பெல்ட் போடாவிட்டால் கார் எழுப்பும் ஒலியை அடக்குவதற்கென்றே ஒரு சிறு உலோகக் கொக்கி விற்பனைக்கு வந்தது. பெல்ட் செருகும் இடத்தில் அதைச் செருகிவிட்டால், ஓட்டுநர் பெல்ட் அணிந்துவிட்டதாகக் கார் ஏமாறும். 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான், பிளிப்கார்ட், ஸ்நாப்டீல், ஷாப்குளூஸ், மீஷோ ஆகிய ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு எதிராக உத்தரவிட்டு, 13,118 விற்பனைப் பட்டியல்களை நீக்கச் செய்தது. சில நூறு ரூபாய் கொடுத்துத் தன் காரையே ஏமாற்றும் வாடிக்கையாளர் இத்தனை பேர் இருந்திருக்கிறார்கள் என்பதைத்தான் அந்த எண்ணிக்கை காட்டுகிறது. இந்தக் கொக்கி காருக்குள் கிடந்தால், இன்றே எடுத்து எறிந்துவிடுவது நல்லது.

ஒலியை அடக்குபவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம், "ஏர்பேக் இருக்கிறதே" என்பதுதான். காற்றுப்பையின் மூடிமீது பொறிக்கப்பட்டிருக்கும் எஸ்ஆர்எஸ் என்ற எழுத்துகளுக்குத் துணைப் பாதுகாப்பு அமைப்பு என்பதே பொருள். பெல்ட்டுக்குத் துணை, மாற்று அல்ல. மோதிய கணத்தில் இருந்து கண் இமைப்பதற்கு முன்பே அது வெடித்து விரிகிறது. பெல்ட் உடலைப் பின்னால் பிடித்து வைத்திருந்தால், முழுதாக விரிந்த பையில் முகம் மெதுவாகப் புதையும். பெல்ட் இல்லாமல் முன்னே பாய்ந்து வருபவரை, விரிந்துகொண்டிருக்கும் பை எதிர்த்து அறையும். ஸ்டீயரிங்கில் இருந்து மார்பு 25 சென்டிமீட்டராவது விலகி இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஓட்டுநருக்கான காற்றுப்பை 2019 ஜூலையில் இருந்து புதிய கார்களுக்குக் கட்டாயமானது. 2021-இல் முன் இருக்கைப் பயணிக்கும் அது விரிவாக்கப்பட்டது. ஆறு காற்றுப்பைகளைக் கட்டாயமாக்கும் வரைவு அறிவிக்கை 2022 ஜனவரியில் வெளியாகி, ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டு, 2023 செப்டம்பரில் கட்டாயம் இல்லை என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரியே கூறியதோடு முடிந்தது.

இதில் எல்லைப் பகுதிக்கு என்றே சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, அந்தோணியார், திருவசனப் பலகை என முன்பலகையில் ஏதேனும் ஒன்றை ஒட்டாத காரை அந்தச் சாலையில் பார்ப்பது கடினம். நம்பிக்கையை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால், பயணியின் காற்றுப்பை முன்பலகைக்கு அடியில்தான் இருக்கிறது. அது வெடிக்கும்போது அதன் மூடிமீது ஒட்டப்பட்ட உலோகச் சிலை முகத்தை நோக்கித் தோட்டாபோல் வரும். சிலையை நடுப்பகுதிக்கு நகர்த்துவதற்கு எந்த ஆகமமும் தடை சொல்லாது. முன்பலகைமீது கால் நீட்டி அமர்வதும் இதே காரணத்தால் ஆபத்து. காரின் முகப்பில் பொருத்தப்படும் இரும்புத் தடுப்புகளும் மோதலின் விசையைத் திசைதிருப்பி, காற்றுப்பையின் உணரிகளைக் குழப்பக் கூடியவை. அவற்றை அகற்ற நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது.

சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தாலும், எரியவே இல்லை என்றாலும் அமைப்பு பழுது என்று பொருள். பழைய கார் வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஒருமுறை வெடித்த காற்றுப்பையை மீண்டும் மடித்து வைக்க முடியாது. புதியது மாற்றும் செலவுக்கு அஞ்சி, மூடியை மட்டும் ஒட்டி விற்கும் தரகர்கள் எந்த ஊரிலும் உண்டு. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் கேரளத்தில் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. காற்றுப்பையைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி பெரும்பாலும் காரின் தரைமட்டத்தில், நடுவே இருக்கிறது. வெள்ளம் கண்ட கார் வெளியே பளபளப்பாக இருந்தாலும், உள்ளே அந்தக் கருவி துருப்பிடித்திருக்கக் கூடும்.

வெப்பமும் ஈரப்பதமும் நிறைந்த இக்கடலோரத்துக்கு இன்னொரு எச்சரிக்கையும் பொருந்தும். ஜப்பானின் டகாட்டா நிறுவனம் தயாரித்த காற்றுப்பைகளில் பயன்பட்ட அம்மோனியம் நைட்ரேட், ஆண்டுக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டுக் கெட்டு, பை விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது. உலகின் மிகப்பெரிய வாகனத் திரும்பப் பெறுதலுக்கு அது காரணமாகி, 2017 ஜூனில் அந்த நிறுவனமே திவாலானது. இந்தியாவிலும் ஹோண்டா உள்ளிட்ட நிறுவனங்கள் பழைய கார்களைத் திரும்ப அழைத்து இலவசமாக மாற்றிக் கொடுத்தன. இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி, மாநில எல்லையும் தாண்டிய காரின் உரிமையாளருக்கு அந்த அழைப்புக் கடிதம் போய்ச் சேர்ந்திருக்க வாய்ப்பு குறைவு. காரின் சேஸிஸ் எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்திலோ முகவரிடமோ கொடுத்தால், மாற்ற வேண்டுமா என்று தெரிந்துவிடும். கட்டணம் கிடையாது. குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை 2019 திருத்தத்தின் 110ஏ பிரிவு மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. அபராதத்தைப் பற்றி நடந்த அளவு விவாதம் இந்தப் பிரிவைப் பற்றி அவையில் நடக்கவில்லை.

மடியில் குழந்தை: 194பி பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை பெல்ட் அல்லது சிறுவர் இருக்கையில் பிணைக்காமல் ஓட்டினால் ரூ.1,000 அபராதம் என்கிறது. இந்தப் பிரிவுக்கு நேர்ந்த கதி விநோதமானது. 2024 அக்டோபரில் கேரளப் போக்குவரத்து ஆணையர், சிறு குழந்தைகளுக்குத் தனி இருக்கையும் சற்றே பெரியவர்களுக்கு உயரம் கூட்டும் இருக்கையும் கட்டாயம், டிசம்பர் முதல் அபராதம் என்று அறிவித்தார். எதிர்ப்பு எழுந்ததும், அப்படி அபராதம் விதிக்கும் எண்ணமில்லை என்று போக்குவரத்துத் துறை அமைச்சர் கே.பி.கணேஷ்குமார் அறிவிப்பைப் பின்வாங்கச் செய்தார். இருக்கையின் விலை, கிடைப்பதில் உள்ள சிரமம் ஆகியவை உண்மையான பிரச்னைகள். அவற்றுக்கு வரிச் சலுகையோ மானியமோ கேட்டிருக்கலாம். அமைச்சர் ஒருவர் பேட்டியில் சொல்வதால் நாடாளுமன்றச் சட்டத்தின் உட்பிரிவு ரத்தாகிவிடாது. இழப்பீட்டு வழக்கில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்குரைஞர் படிப்பது சட்டப் புத்தகத்தை, பேட்டியை அல்ல.

பத்துக் கிலோ குழந்தையைத் தாய் மடியில் இறுக அணைத்திருந்தால் போதும் என்ற நம்பிக்கை எல்லையின் இருபுறமும் உண்டு. மேலே சொன்ன அதே 50 கிலோமீட்டர் வேக மோதலில், அந்தக் குழந்தை தாயின் கையை இழுக்கும் விசை சுமார் 140 கிலோ. ஏறத்தாழ இரண்டு அரிசி மூட்டை. எந்தத் தாயாலும் பிடிக்க இயலாது. முன் இருக்கையில் மடியில் வைத்திருந்தால் காற்றுப்பைக்கும் தாயின் உடலுக்கும் நடுவே குழந்தை நசுங்கும். பின்னோக்கிப் பொருத்தும் சிசு இருக்கையை, காற்றுப்பை இயங்கும் முன் இருக்கையில் ஒருபோதும் வைக்கக் கூடாது. வெயில் மறைப்புத் தகட்டில் குழந்தைப் படத்தின்மீது குறுக்குக் கோடு போட்டிருப்பது இதற்குத்தான். காருடன் தரப்படும் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், அந்தப் படம் ஒன்றே நம் கிராமத்து ஓட்டுநருக்குக் கிடைக்கும் அறிவுறுத்தல்.

சீட் கவருக்கு அடியில் புதைந்தவை: பின் இருக்கையில் பெல்ட் போடாததற்குச் சட்ட அறியாமையைவிட எளிய காரணம் ஒன்று உண்டு. புதுக் கார் வாங்கிய வாரத்திலேயே சீட் கவர் மாட்டுபவர்கள், பின் இருக்கையின் பெல்ட் செருகிகளைக் கவருக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள். பிறகு அதைத் தேடுபவர் இல்லை. கவரைத் தூக்கி அவற்றை வெளியே எடுக்க ஐந்து நிமிடம் போதும். இருக்கையின் பக்கவாட்டில் காற்றுப்பை உள்ள கார்களுக்கு சாதாரணக் கவர் போட்டால், அந்தப் பை கிழித்துக்கொண்டு வெளிவர முடியாமல் போகலாம்.

பெல்ட்டுக்கும் பராமரிப்பு உண்டு என்பதே பலருக்குச் செய்தியாக இருக்கும். மாதம் ஒருமுறை அதை முழுமையாக வெளியே இழுத்து, ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறதா, வெட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சட்டென்று இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும், விட்டால் தானாகச் சுருண்டு உள்ளே போக வேண்டும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்யும் பகுதி என்பதால், ஈரமாகவே சுருளும் பட்டையில் பூஞ்சை பிடிக்கும். மிதமான சோப்பும் நீரும் கொண்டு துடைத்து, நிழலில் காயவைத்த பிறகே உள்ளே விட வேண்டும். வெளுப்பான், சாயம், பெட்ரோல் எதுவும் கூடாது. அவை இழையின் வலுவைத் தின்றுவிடும். செருகிக்குள் எண்ணெய் விடக் கூடாது. கதவிடுக்கில் சிக்கிக் கிழிந்த பட்டையைச் சாக்கு ஊசியால் தைத்துப் பயன்படுத்துவதும் தவறு. பெரிய விபத்தில் ஒருமுறை விசை தாங்கிய பெல்ட்டை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், மாற்றிவிட வேண்டும். இருக்கையின் தலைச் சாய்மானம் உச்சந்தலை உயரத்துக்கு இருந்தால்தான், பின்னால் இருந்து மோதும்போது கழுத்து ஒடியாது.

டயரைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பது விதி. நெய்யாற்றின்கரை, அமரவிளை வழியாகப் போகும் பழைய தேசிய நெடுஞ்சாலையில் நெரிசலே வேகத்தைக் கட்டுப்படுத்திவிடுகிறது. ஆனால், முக்கோலையில் இருந்து எல்லையோரக் காரோடு வரை 16 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்டுள்ள கான்கிரீட் புறவழிச் சாலையில் வேகத்துக்குத் தடை இல்லை. மழை நாளில் தேய்ந்த டயர் நீரின்மேல் வழுக்கி ஓடுவது அத்தகைய சாலையில்தான். நெரிசலில் பழகிய அலட்சியத்தை அந்தச் சாலைக்குக் கொண்டு செல்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி.

நாடு தழுவிய சாலைப் பாதுகாப்பு வழக்கை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு வந்தவர், கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் எஸ்.ராஜசேகரன். அந்த வழக்கில் 2014-இல் அமைக்கப்பட்ட கண்காணிப்புக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் கேரளத்தைச் சேர்ந்த நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன். ஒரு தமிழரும் ஒரு மலையாளியும் தில்லியில் சேர்ந்து தொடங்கிய வேலை, இருவரின் மாநிலங்களும் சந்திக்கும் இடத்தில் ரூ.500, ரூ.1,000 என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. இரு மாநிலப் போக்குவரத்துத் துறைகளும் களியக்காவிளையில் ஒரே கட்டணத்துக்கு உடன்படுவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. திருவனந்தபுரம், கன்னியாகுமரி தொகுதிகளின் மக்களவை உறுப்பினர்கள் கூட்டாக ஒரு கடிதம் எழுதினால் பேச்சு தொடங்கலாம்.

2024 மார்ச்சில் வெளியான அறிவிக்கையின்படி, 2025 ஏப்ரல் 1 முதல் தயாராகும் புதிய கார்களில் பின் இருக்கைக்கும் பெல்ட் எச்சரிக்கை ஒலி கட்டாயம். அதற்கு முன்பு வாங்கப்பட்டு இன்றும் எல்லைச் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் பல கார்களில் பின் இருக்கைக்காக ஒலி எழுப்புவது எதுவும் இல்லை. அவற்றில் சீட் கவரைத் தூக்கிச் செருகியைத் தேட வேண்டியவர் காரின் உரிமையாளர்தான்.